வட்டப் பாதை ஓட்டக் கணக்கு: சார்பு வேகமா, மீ.பொ.ம.வா?

பூம்பாறைப் பொண்ணு:
ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு சந்தேகம், யாராவது விளக்குங்களேன்.

கொடைக்கானல் ஏரிச் சாலை ஒரு சுற்று 5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். படகுத் துறையிலிருந்து இருவர் ஒரே நேரத்தில், ஒரே திசையில் ஓடுகிறார்கள். வேகம் மணிக்கு 12, 8 கி.மீ. சார்பு வேகம், அதாவது இரு வேகங்களின் வித்தியாசம், 4. ஒன்றேகால் மணி, அதாவது 75 நிமிடத்தில் சந்திப்பு. தனித்தனியே ஒரு சுற்றுக்கு 25, 37.5 நிமிடம், இவற்றின் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்தாலும் 75 வருகிறது.

அடுத்தது 400 மீட்டர் தடம். நொடிக்கு 5 மீ., 3 மீ. சார்பு வேகத்தில் 200 நொடி, மீ.பொ.ம.வில் 400 நொடி! எது விடை?

பண்ணைக்காடு தம்பி:
அக்கா, 'முதல்முறை எப்போது' என்றால் சார்பு வேகம். 'புறப்பட்ட இடத்தில் எப்போது' என்றால் மீ.பொ.ம. அவ்வளவுதான்.

வில்பட்டி வாத்தியார்:
தம்பி சொன்னது சரி. ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே தடுமாறும்.

ஒரே திசையில் ஓடும்போது, வேகமானவர் மற்றவரைவிட ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடி முடிக்கும் கணத்தில்தான் பிடிக்கிறார். எந்த இடத்தில் என்பதைச் சார்பு வேகம் சொல்லாது. தடத்தில் 200-ஆவது நொடியில் முதலாமவர் 1000 மீ. ஓடியிருப்பார், இரண்டரைச் சுற்று. மற்றவர் 600 மீ., ஒன்றரைச் சுற்று. இருவரும் நிற்பது புறப்பட்ட கோட்டுக்கு நேர் எதிரே! இன்னொரு 200 நொடி போனால்தான் கோட்டில் சேர்வார்கள். ஏரியில் 75 நிமிடத்தில் ஒருவருக்கு 3 சுற்று, இன்னொருவருக்கு 2. இரண்டுமே முழுச் சுற்று, அதனால் முதல் சந்திப்பே படகுத் துறையில்.

வேகங்களைச் சுருங்கிய விகிதமாக எழுதிப் பாரும்மா. 3:2-க்கு வித்தியாசம் 1, சந்திக்கும் இடமும் ஒன்றே. 5:3-க்கு வித்தியாசம் 2, இடங்கள் இரண்டு.

பூம்பாறைப் பொண்ணு:
அப்படியானால் எதிரெதிர்த் திசையில் கூட்டவேண்டுமா சார்? ஏரியில் 5 இடம், 15 நிமிடத்துக்கு ஒரு சந்திப்பு, ஐந்தாவது படகுத் துறையில்?

வில்பட்டி வாத்தியார்:
அதேதான். தடத்தில் 8 இடம், 50 நொடிக்கு ஒருமுறை.

பண்ணைக்காடு தம்பி:
சார், நம் ஏரி நட்சத்திரம் மாதிரி அல்லவா இருக்கிறது? வட்டமே இல்லையே.

வில்பட்டி வாத்தியார்:
நல்ல கேள்வி. பாதை எப்படி வளைந்தாலும் சுற்றி வந்து சேர்ந்தால் போதும். இந்தக் கணக்குக்குத் தேவை ஒரு சுற்றின் நீளம் மட்டுமே, வடிவம் இல்லை. ஆனால் வேகம் மாறாமல் இருக்கவேண்டும்.

பூம்பாறைப் பொண்ணு:
மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் மூன்றாவது ஆளும் அதே திசையில் வந்தால்?

வில்பட்டி வாத்தியார்:
முதலாமவர் மற்ற இருவரையும் தனித்தனியே பிடிக்கும் நேரங்களை எடு: 75, 50. அவற்றின் மீ.பொ.ம. 150 நிமிடம். அப்போது 6, 4, 3 சுற்றுகள் முடிந்திருக்கும், மூவரும் படகுத் துறையில். இதையே எதிர்த்திசைக்கு ஒருமுறை போட்டுப் பார்த்து இங்கேயே எழுதும்மா, சரிபார்க்கிறேன்.