மோதியது லாரி, திரும்பியது எது?

கேள்வி:
வணக்கம். வாகன விபத்துகளுக்கான காப்பீட்டுக் கோரிக்கைகளை நேரில் ஆய்வு செய்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. சென்ற வாரம் "த லாரி ஹிட் த கார் வென் இட் வாஸ் டர்னிங்" என்று நான் எழுதிய வரிக்குக் கீழே, "திரும்பியது எது?" என்று சிவப்பு மையில் எழுதி மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். சம்பவ இடத்தின் வரைபடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதிய எனக்கு அந்த 'இட்' கார்தான் என்பதில் ஐயமே எழவில்லை. வரைபடத்தைப் பார்க்காதவருக்கு யார்மீது தவறு என்பதே அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது என்பது பிறகுதான் உறைத்தது. பெயர்ச்சொல்லையே திரும்பத் திரும்ப எழுதினால் பள்ளிக் கட்டுரை போலாகிவிடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

மறுமொழி 1:
சொற்களைக் கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள்: "ஆஸ் த கார் வாஸ் டர்னிங், த லாரி ஹிட் இட்." லாரி தன்னையே இடித்திருந்தால் ஆங்கிலம் அங்கே 'இட்செல்ஃப்' என்று கேட்டிருக்கும், ஆகவே இந்த 'இட்' காரைத் தவிர வேறொன்றைச் சுட்ட வழியில்லை. தமிழிலும் "லாரி காரின் மீது மோதியபோது அது திரும்பிக்கொண்டிருந்தது" என்று எழுதினால் இதே குழப்பம்தான். ஆனால் நாம் இயல்பாகவே பெயரெச்சத்தைப் பிடித்துக்கொண்டு "திரும்பிக்கொண்டிருந்த காரின் மீது லாரி மோதியது" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறோம்.

மறுமொழி 2:
வண்டிகளைவிட மனிதர்கள் வரும் இடத்தில்தான் நமக்குச் சறுக்கல் அதிகம். "கண்காணிப்பாளர் தன் உரிமம் காலாவதியாகிவிட்டது என்று ஓட்டுநரிடம் சொன்னார்" என்றால் உரிமம் கண்காணிப்பாளருடையது. 'தன்' என்ற சொல் எழுவாயைப் பற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'ஹிஸ்' என்று எழுதிய உடனே அந்தப் பிடி விட்டுப்போகிறது. உரிமம் இருவரில் எவருடையதாகவும் இருக்கலாம். இத்தகைய இடங்களில், உரிமம் ஓட்டுநருடையது என்றால், நான் கூச்சப்படாமல் "த டிரைவர்ஸ் லைசென்ஸ்" என்றே எழுதிவிடுவேன். அறிக்கையில் ஒரு சொல் இரண்டு முறை வருவது குறையே அல்ல. 'ஃபார்மர்' (முன்னது), 'லாட்டர்' (பின்னது) என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். படிப்பவர் மேல்வரிக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

மறுமொழி 3:
எழுதியவருக்கு ஐயம் எழாததற்கும் காரணம் உண்டு. கணினி அறிஞர் டெர்ரி வினோகிராட் 1972இல் காட்டிய எடுத்துக்காட்டில், நகர மன்றத்தினர் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுக்கிறார்கள், ஏனெனில் 'தே' வன்முறைக்கு அஞ்சினார்கள். 'அஞ்சினார்கள்' என்பதை 'ஆதரித்தார்கள்' என்று மாற்றினால் 'தே' மன்றத்தினரை விட்டு ஆர்ப்பாட்டக்காரர்களிடம் தாவிவிடுகிறது. இலக்கணம் எள்ளளவும் மாறவில்லை, உலக அறிவுதான் வேலை செய்கிறது. லாரியும் காரும் இரண்டுமே திரும்பக்கூடியவை என்பதால் அந்த அறிவு உங்கள் வாசகருக்குக் கைகொடுக்கவில்லை. கூடவே, ஒரு வாக்கியம் முழுவதையும் சுட்டும் 'திஸ்', 'விச்' ஆகியவற்றையும் கவனியுங்கள். 'திஸ்' என்று மட்டும் விடாமல் 'திஸ் டிலே' என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்தாலே போதும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இதைப் படித்த கையோடு பழைய அறிக்கை ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: "த கார் ஸ்ட்ரக் த வால் அண்ட் இட் வாஸ் டேமேஜ்ட்." கார் என்றால் சொந்தச் சேதம், சுவர் என்றால் மூன்றாம் தரப்பு இழப்பீடு. நல்லவேளை, புகைப்படம் இணைத்திருந்தேன்.