கேமிங் லேப்டாப்பில் லினக்ஸ்: விண்டோஸை அடியோடு தூக்கிவிடலாமா?

பீளமேடு ஹாஸ்டல்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். லேப்டாப் இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கல்லூரி லேபில் எல்லாமே உபுண்டு லினக்ஸ், கை அதற்கே பழகிவிட்டது. ரெண்டு ஓஎஸ் வைக்க 512 பத்தாது. அதனால் விண்டோஸ் 11ஐ அடியோடு தூக்கிவிட்டு லினக்ஸ் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சாயங்காலம் ஹாஸ்டலில் எல்லோரும் சேர்ந்து வேலரன்ட் ஆடுவோம். தனியாக இருந்தால் எல்டன் ரிங், சைபர்பங்க். கேமிங் லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது காசைக் கரியாக்குகிற வேலை என்கிறான் ரூம்மேட். அப்படியா?

காந்திபுரம் சர்வீஸ்:
தம்பி, வேலரன்ட் என்று எழுதிவிட்டீங்க, அதற்குமேல் என்ன கேள்வி? அதோடு வருகிற வேன்கார்டு, ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்க விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வது. லினக்ஸில் அது கிடையாது, அது இல்லாமல் ஆட்டமும் கிடையாது. ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 கடைசியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டமாக ஆடுகிற ஆட்டம் என்றால் முதலில் இதைப் பாருங்க, டிரைவர் கிரைவர் எல்லாம் அப்புறம்.

சென்னிமலைத் தறி:
ஏனுங்கண்ணா, எடுத்த எடுப்பிலேயே இப்படிப் பயமுறுத்தினால் எப்படி? அவர் சொன்ன மூன்று ஆட்டத்தில் ரெண்டு லினக்ஸில் ஓடுகிறது, அதைச் சொல்லவே இல்லையே.

ஸ்டீம் ஆட்டக் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டுகிற ப்ரோட்டானை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற ஒயின் மேல் கட்டினது. விண்டோஸ் ஆட்டங்கள் படம் வரையப் பயன்படுத்துகிற டைரக்ட்எக்ஸ் 9 முதல் 11 வரை உள்ள கட்டளைகளை, அதில் இருக்கிற டிஎக்ஸ்விகே லினக்ஸில் ஓடுகிற வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கும், 12க்கு விகேடி3டி. ஸ்டீமிலேயே அது உண்டு, நீங்கள் தனியாக நிறுவ வேண்டியதில்லை. வேன்கார்டு மாதிரி ஏமாற்றைப் பிடிக்கிற ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டுமே 2021லேயே ப்ரோட்டானுக்கு வழி விட்டாச்சு, ஆட்டத்தை எழுதின நிறுவனம் சரி என்று சொன்னால் போதும். எல்டன் ரிங் அப்படித்தான் ஆன்லைனிலும் ஓடுகிறது. வேலரன்ட் ஓடாததற்குக் காரணம் லினக்ஸுக்கு வக்கில்லாததா, நிறுவனம் வேண்டாம் என்று முடிவு செய்ததா? இதைப் பிரித்துச் சொல்லணுமில்லைங்களா?

காந்திபுரம் சர்வீஸ்:
தப்பு யார் பேரில் என்பது தம்பிக்கு எதுக்குங்க? ராத்திரி எட்டு மணிக்கு ஆள் சேரும்போது ஆட முடியுமா முடியாதா, அவ்வளவுதான்.

அப்புறம் அடுத்து வால்வின் கையடக்க ஆட்டப் பெட்டி ஸ்டீம் டெக்கைக் காட்டுவீங்க, இப்பவே சொல்லிவிடுகிறேன். 2022இல் வந்த அந்தப் பெட்டியில் ஓடுவது ஆர்ச் லினக்ஸ் மேல் கட்டின ஸ்டீம்ஓஎஸ்தான், அருமையாகவும் ஓடுகிறது. ஆனால் உள்ளே ஒரே ஒரு ஏஎம்டி சிப். டிரைவர் கர்னலோடவே வருகிறது. இந்தத் தம்பியின் லேப்டாப்பில் இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று, ரெண்டு கிராபிக்ஸ். ஒன்று தூங்கணும், ஒன்று முழிக்கணும், திரை எதன் கையில் என்று ஓயாத பஞ்சாயத்து. 2012இல் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டினாரே, அதுவும் ஆப்டிமஸ் என்கிற இந்த இரட்டைச் சிப் லேப்டாப் பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்குத்தான்.

சென்னிமலைத் தறி:
2012ஐ வைத்து இன்றைக்குப் பேசினால் என்னங்க அர்த்தம்? 2022 மே மாதம் என்விடியாவே தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. டூரிங் என்கிற சிப் தலைமுறையும் அதற்குப் பிந்தினவும் அதில் அடக்கம், தம்பியின் 3050ம் வந்துவிடும். வேலை இல்லாதபோது என்விடியா சிப் தானாக மின்சாரத்தை அணைத்துக்கொள்கிற வசதியும் டிரைவரிலேயே இருக்கிறது.

ஆழியாறு:
ரெண்டு பேரும் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். பொள்ளாச்சியில் வீட்டிலிருந்தே மெஷின் லேர்னிங் வேலை, லினக்ஸ்தான் முழுநேரமும், இதே மாதிரி இரட்டைச் சிப் லேப்டாப்பில்.

தறி அண்ணா சொன்ன 2022 சமாச்சாரம் சரி. ஆனால் திறந்தது கர்னல் பகுதி மட்டும், படம் வரைகிற வல்கன், ஓப்பன்ஜிஎல் பகுதிகளும் கணக்குப் போடுகிற கூடாவும் இன்னும் மூடினதுதான். அது பெரிய தொந்தரவு இல்லை. உண்மையான தொந்தரவு ஒயரிங்கில் இருக்கிறது. பல கேமிங் லேப்டாப்பில் உள்திரை இன்டெல் சிப்போடும், எச்டிஎம்ஐ துளை என்விடியா சிப்போடும் இணைந்திருக்கும். பேட்டரி நிற்கட்டும் என்று என்விடியாவை முழுசாக அணைத்து வைத்தால் எச்டிஎம்ஐயில் சொருகின மானிட்டர் கறுப்புதான். மானிட்டரைச் சொருகியே வைத்தால் என்விடியா தூங்காது, பேட்டரி கரையும். கரன்ட் போன நேரத்தில் இது நன்றாகவே உறைக்கும். யூஎஸ்பி-சி வழியாகப் படம் வருகிற லேப்டாப் சிலவற்றில் அந்தத் துளை இன்டெல் பக்கம் இருக்கும், அப்படி இருந்தால் அதில் மானிட்டரை மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

உங்கள் லேப்டாப்பில் எது எதோடு என்று இப்போதே பார்க்கலாம். விண்டோஸில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து பிஸ்எக்ஸ் பக்கத்துக்குப் போங்க. எந்தத் திரை எந்தச் சிப்பில் மாட்டியிருக்கிறது என்று கோடு போட்டுப் படமாகவே காட்டும். விண்டோஸைத் துடைப்பதற்கு முன்னாடி பார்த்துவிடுங்க தம்பி.

பீளமேடு ஹாஸ்டல்:
பார்த்தேன் அக்கா. எச்டிஎம்ஐ என்விடியாவில்தான் இருக்கிறது. சரி, வேகம் எப்படி? ஃபிரேம் குறையுமா?

ஆழியாறு:
எல்டன் ரிங், சைபர்பங்க் ரெண்டுமே டைரக்ட்எக்ஸ் 12. அந்த வகை ஆட்டங்களில் என்விடியா அட்டைகள் விண்டோஸை விட லினக்ஸில் பின்தங்குவது பலரும் அளந்து பார்த்த விஷயம். ஏஎம்டியில் அவ்வளவு தெரியாது. ஆட முடியாத அளவுக்கு இல்லை, ஆனால் 3050இல் விட்டுக்கொடுக்க ஏற்கெனவே அதிகம் மிச்சம் இல்லை. முதல்முறை ஓடும்போது ஷேடர் என்கிற, காட்சியை வரைகிற சின்ன நிரல்கள் தயாராகக் கொஞ்சம் காக்க வைக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நொய்யல் நிட்ஸ்:
ஆட்டம் ஆடாதவன் ஒருவன் உள்ளே வரலாமா? திருப்பூரில் எம்பிராய்டரி டிசைன் யூனிட் எங்களது. கிராபிக்ஸ் கார்டுக்காகவே கேமிங் லேப்டாப் வாங்குகிற ஆட்கள் நாங்கள். டிசைனைத் தையலாக மாற்றுகிற பஞ்சிங் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும், கணக்குப் பார்க்கிற டாலியும் விண்டோஸுக்கு மட்டும். தம்பி நாளைக்குக் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில் டிசைன் பக்கம் போனால் சாலிட்வொர்க்ஸ், அதுவும் விண்டோஸ். படிக்கிற காலத்தில் வீம்புக்கு அதைத் துடைக்காதீங்க.

சென்னிமலைத் தறி:
எம்பிராய்டரிக்கு இங்க்ஸ்டிச் இருக்குங்களே. இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து வேலை செய்கிறது, இலவசம், எம்பிராய்டரி மெஷின் படிக்கிற டிஎஸ்டி கோப்பாகவே வெளியே தரும்.

நொய்யல் நிட்ஸ்:
டிஎஸ்டியில் ஊசி எங்கே குத்தணும் என்பது மட்டும்தான் இருக்கும். பையர் வந்து ‘லோகோவை அரை இஞ்ச் பெரிசு பண்ணு’ என்றால் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பு வேண்டும். அதை உங்கள் இங்க்ஸ்டிச் திறக்குமா? திறக்காது. ஜாப் ஒர்க் கொடுக்கிறவன் அனுப்புகிற கோப்பைத்தான் நான் திறக்க முடியும், எனக்குப் பிடித்ததை இல்லை.

சென்னிமலைத் தறி:
அது உங்கள் தொழிலின் கட்டாயம், ஒப்புக்கொள்கிறேன். தம்பி எழுதுவது பைத்தானும் சியும். எல்லோரும் ‘நாளைக்குத் தேவைப்படும்’ என்று வைத்துக்கொண்டே போனால் யார்தான் மாறுவது? அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் இருந்தது, எத்தனை பேர் அதைத் திறந்தே பார்த்தோம்? பக்கத்தில் விண்டோஸ் இருக்கும்வரை கை அங்கேதான் போகும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பீளமேடு ஹாஸ்டல்:
அண்ணா சொல்வது புரிகிறது. ஆனால் வேலரன்டை விட மனசு வரவில்லை. அப்படியானால் 512இலேயே ரெண்டையும் வைக்கவா? கையொப்பம் இல்லாத மென்பொருள் துவங்காமல் தடுக்கிற செக்யூர் பூட்டை, லினக்ஸ் போட அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன்.

காந்திபுரம் சர்வீஸ்:
அணைக்காதீங்க! விண்டோஸ் 11இல் வேன்கார்டுக்கு செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். லினக்ஸுக்காக அதை அணைத்தால் எந்த ஆட்டத்துக்காக விண்டோஸை வைத்தோமோ அதுவே திறக்காது.

செக்யூர் பூட் இருக்கும்போதே என்விடியா டிரைவரைப் போடலாம். உபுண்டுவில் டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், குறித்து வையுங்க. அடுத்த தடவை ஆன் ஆகும்போது நீலத் திரையில் ‘ஏதாவது ஒரு விசையை அழுத்து’ என்று பத்து விநாடி எண்ணும். அதைப் பிழை என்று நினைத்துப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதில் நுழைந்து, சாவியைப் பதிவு செய்கிற எம்ஓகே வரியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கணும். விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது, எல்லாம் இன்டெல் சிப்பிலேயே ஓடும். ‘லினக்ஸில் கேம் நகரவே இல்லை’ என்று கடைக்கு வருகிறதில் இந்தக் கேஸ் நிறைய.

இட விஷயத்துக்கு வழி லேப்டாப் முதுகிலேயே இருக்கும். கேமிங் லேப்டாப் பலவற்றில் எஸ்எஸ்டி மாட்டுகிற ரெண்டாவது எம்.2 ஸ்லாட்டைக் காலியாகத்தான் விட்டிருப்பார்கள். அதில் தனி எஸ்எஸ்டி போட்டு லினக்ஸை அதில் ஏற்றுங்க. விண்டோஸ் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

ஆழியாறு:
அண்ணா சொன்னது நல்ல வழி. ரெண்டு சேர்த்தி: விண்டோஸில் சீக்கிரம் துவங்க வைக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்க, இல்லையென்றால் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகலாம். அப்புறம் லினக்ஸ் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பேட்டரி போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் ஒரு கட்டளையில் மாற்றிவிடலாம்.

சென்னிமலைத் தறி:
ஆக, ஒரு ஆட்டத்துக்காக ஒரு முழு டிஸ்க் விண்டோஸுக்கு. கவுன்டர்-ஸ்டிரைக் 2 லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகிறது, இலவசம் வேறு. ஹாஸ்டலையே அதற்கு மாற்றிப் பாருங்களேன் தம்பி.

பீளமேடு ஹாஸ்டல்:
கேட்டுப் பார்த்தேன் அண்ணா, ரூம்மேட் சிரிக்கிறான். காந்திபுரம் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வரட்டுமா?

காந்திபுரம் சர்வீஸ்:
ஞாயிறு கடை லீவுங்க, சனிக்கிழமை வாங்க. வருவதற்கு முன்னாடி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாங்க. பயாஸில் கை வைத்தால் அதைக் கேட்கலாம், அந்த நேரத்தில் போனில் தேடிக்கொண்டு நிற்க முடியாது. எஸ்எஸ்டி வெளியே வாங்குவதாக இருந்தால் முதலில் ஸ்லாட் எந்த வகை, என்விஎம்இயா சாட்டாவா என்று பார்த்துவிடலாம், அவசரப்பட்டு ஆர்டர் போடாதீங்க.