கொரிய மொழிக் கையெழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. என் வீட்டுக்காரர் கொரிய அமெரிக்கர். நாங்க லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கோம். அவரோட பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. முதல் வருஷ நினைவு நாளுக்குள்ள அவங்க வாழ்க்கையைச் சின்னப் புத்தகமா தொகுக்கணும்னு ஆசை.

கொரியப் போர் சமயம், 1950 டிசம்பர்ல வடகொரியாவோட ஹுங்னாம் துறைமுகத்துல இருந்து அகதிகளை ஏத்துன கப்பல்ல தெற்கே கோஜே தீவுக்கு வந்தவங்க. அந்த நெரிசல்ல தங்கச்சி தொலைஞ்சு போச்சு. 70கள்ல அமெரிக்கா வந்து தையல் வேலை. கொல்லையில பழைய பெயிண்ட் டப்பாவுல பெரில்லா இலை வளர்ப்பாங்க. நான் போனா பேரிக்காயைத் தோல் சீவி, முள்கரண்டியில குத்தி, வாய்க்கு நேரா நீட்டுவாங்க. வேணாம்னா எடுபடாது.

அவங்க நோட்டு ஒண்ணு இருக்கு. கொரிய எழுத்துக்கு நடுவுல சீன எழுத்து கலந்த கையெழுத்து. இவருக்குப் பேச மட்டும்தான் வரும். மொழிபெயர்ப்புச் செயலியோ கண்டபடி உளறுது. சியோல் பக்கம் இருக்கிறவங்க, இதைப் படிக்கக்கூடிய பெரியவர் யாரையாவது கை காட்ட முடியுமா? உரிய பணம் கொடுத்துடுவோம்.

இன்னொண்ணு. போர்ல பிரிஞ்ச குடும்பங்களைத் தேடி 1983ல தென்கொரியாவோட கேபிஎஸ் டிவி 138 நாள் நேரலை நடத்துச்சே (2015ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல ஏறுனது), அதுக்குப் பாட்டி பேர் கொடுத்ததா மாமியார் சொல்றாங்க. அந்த ஆவணங்கள்ல தேடிப் பார்த்தவங்க வழி சொல்லுங்க.

படையலுக்கு மிளகாய்த்தூள், பூண்டு ஆகாதாம், நம்ம திவசச் சமையல் மாதிரிதான். அதை மாமியாரே பார்த்துக்கிறாங்க. பேர், ஊர் விவரமெல்லாம் இன்பாக்ஸ்ல தர்றேன்.