மூன்றடுக்கு முறையில் சியூ-பிடிசி நானோதாள் தடிமனாகவே தெரிகிறது, உதவி தேவை

நீலப்படிகம்:
வணக்கம். காப்பர் நைட்ரேட்டும் டெரிப்தாலிக் அமிலமும் சேரும் சியூ-பிடிசி என்ற எம்ஓஎஃப்-ஐ (உலோகமும் கரிமச் சேர்மமும் வலைபோல் இணைந்த, நுண்துளைகள் உள்ள படிகம்) நானோமீட்டர் அளவு மெல்லிய தாள்களாக வளர்க்கப் பார்க்கிறேன். 2015-இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வந்த மூன்றடுக்கு முறைதான். அடியில் 2 மி.லி. டிஎம்எஃப், 1 மி.லி. அசிட்டோநைட்ரைல் (இரண்டும் கரைப்பான்கள்) கலவையில் அமிலம் 10 மி.கி. நடுவில் அந்த இரண்டு கரைப்பானும் 1 மி.லி. வீதம், வேறெதுவும் இல்லை. மேலே 1 மி.லி. டிஎம்எஃப், 2 மி.லி. அசிட்டோநைட்ரைலில் காப்பர் நைட்ரேட் 10 மி.கி. 40 டிகிரியில் 24 மணி நேரம்.

நீலத் தூள் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் கழுவி, வெற்றிடத்தில் காயவைத்து எஸ்இஎம்-இல் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்த்தால் கட்டி கட்டியாக இருக்கிறது. எக்ஸ்ஆர்டி-யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) வரவேண்டிய சிகரங்கள் பலவும் காணவில்லை. வளரும்போதே தடிமனாகிறதா, பிறகு ஒட்டிக்கொள்கிறதா? சோனிகேட்டரில் (மீயொலியால் அதிர வைக்கும் கருவி) வைத்து உரிக்கலாமா?

சட்டகம்:
எந்தப் பாத்திரத்தில் செய்கிறீர்கள், ஓவன் எப்படிப்பட்டது என்று சொல்லுங்கள் தம்பி.

நீலப்படிகம்:
20 மி.லி. கண்ணாடிக் குப்பி, அகலமானது. ஓவன் உள்ளே காற்றாடி சுற்றும் வகை அண்ணா.

சட்டகம்:
அப்படியென்றால் அடுக்குகள் கலந்துவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது. டிஎம்எஃப் அடர்த்தி 0.94, அசிட்டோநைட்ரைல் 0.79. அந்தச் சின்ன வித்தியாசம் மட்டும்தான் மூன்று அடுக்கையும் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டு திரவமும் ஒன்றோடொன்று முழுக்கக் கலக்கக்கூடியவை, அதனால் லேசான ஆட்டமே போதும்.

நடு அடுக்கின் வேலை, மேலிருந்து தாமிரத்தையும் கீழிருந்து அமிலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவ விடுவது. அங்கே படிகம் தோன்றி, கனம் கூடியதும் கீழே இறங்குகிறது. அடி அடுக்கில் தாமிரம் மிகக் குறைவு, அதனால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. தாள் தடிக்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். அடுக்கு கலந்துவிட்டால் இந்தத் தடை போய்விடும், எல்லாப் பக்கமும் வளர்ந்து சாதாரணப் படிகமாகும்.

சுமார் 1 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்கு மாறுங்கள். பிப்பெட் நுனியைக் கண்ணாடிச் சுவரில் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊற்றிய பிறகு குழாயைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். ஓவனுக்குப் பதில் நிலையான ஹீட்டிங் பிளாக் இருந்தால் நல்லது, இல்லையென்றால் காற்றாடியை நிறுத்திவிடுங்கள்.

மெல்லிழை:
சட்டகம் சொன்னது சரி. ஆனாலும் நீலப்படிகம், உங்கள் தாள்கள் உண்மையிலேயே தடிமன் என்று இன்னும் சொல்ல முடியாது. காயவைத்த தூளைப் பார்த்து இதை முடிவு செய்யவே கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது தாள்கள் கவுளியில் அடுக்கிய வெற்றிலை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும், திரும்பப் பிரிப்பது மிகவும் கடினம். சிகரங்கள் குறைவதற்கும் இதே காரணம் இருக்கலாம். தாள்கள் எல்லாம் படுத்துக் கிடந்தால், அந்தத் தளத்துக்கு இணையான அடுக்குகளின் சிகரம் மட்டும் உயர்ந்து மற்றவை அமுங்கிவிடும். உடனே மாசு என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த முறை காயவைக்காதீர்கள். சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) டிஎம்எஃப் கொண்டு மூன்று தடவை, அப்புறம் குளோரோஃபார்மில் மூன்று தடவை கழுவி, அப்படியே குளோரோஃபார்மில் தொங்கலாக (திரவத்தில் மிதக்கும் துகள்களாக) வைத்திருங்கள். ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு) கட்டாயம், இரண்டுமே உடம்புக்குக் கெடுதல். ஒரு துளியை நிறமே தெரியாத அளவுக்கு நீர்க்கச் செய்து, சிலிக்கான் தகட்டில் விட்டு ஏஎஃப்எம்-இல் (நுண்முனையால் தடவி உயரம் அளக்கும் நுண்ணோக்கி) பாருங்கள். அந்த நேச்சர் மெட்டீரியல்ஸ் ஆய்வில் தடிமன் 5 முதல் 25 நானோமீட்டர், அகலம் 0.5 முதல் 4 மைக்ரோமீட்டர். ஒற்றை அடுக்கு வரும் என்று எதிர்பார்த்து மனம் தளர வேண்டாம்.

தாள்வினைஞன்:
சோனிகேட்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. நீண்ட நேரம் வைத்தால் தாள் உரிவதோடு குறுக்கேயும் உடையும். எதற்காகச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உரித்தெடுப்பது நன்றாக வேலை செய்த இடமும் உண்டு. 2014-இல் சயின்ஸ் இதழில் சீனாவின் தாலியன் நகரத்து வெய்ஷென் யாங் குழு, துத்தநாக பென்சிமிடசோலேட் என்ற எம்ஓஎஃப்-ஐ மெத்தனால் ஊற்றி நிமிடத்துக்கு 60 சுற்று மட்டும் பந்துகள் உருண்டு அரைக்கும் இயந்திரத்தில் ஓட்டி, பிறகு மெத்தனால், புரோப்பனால் கலவையில் சோனிகேட் செய்து, சுமார் 1 நானோமீட்டர் தாள் எடுத்தார்கள். அங்கே மூலப்பொருளே அடுக்கடுக்கானது, அடுக்குகளுக்கு இடையே பிடிப்பும் குறைவு. அவ்வளவு மெதுவாக ஓட்டியதைக் கவனியுங்கள்.

நீலப்படிகம்:
எல்லோருக்கும் நன்றி. பாலிஇமைடு என்ற பாலிமரில் கலந்து கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் பிரிக்கும் சவ்வு செய்யத்தான் இது. குறுகிய குழாயில், காற்றாடி இல்லாமல் வளர்த்துக் காயவைக்காமல் வைத்தேன். லேசர் பாயின்டர் அடித்தால் கோடு தெளிவாகத் தெரிகிறது. ஏஎஃப்எம்-இல் பெரும்பாலும் 20 முதல் 30 நானோமீட்டர், இடையிடையே தடித்த துண்டுகள்.

மெல்லிழை:
சவ்வுக்கு அது போதும். லேசர் கோடு துகள் மிதப்பதை மட்டுமே காட்டும், தடிமனுக்கு ஏஎஃப்எம் அளவையே நம்புங்கள். தடித்த துண்டுகளைச் சென்ட்ரிஃப்யூஜில் குறைந்த வேகத்தில் சிறிது நேரம் சுற்றி அடியில் தள்ளிவிட்டு, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். சோனிகேட் செய்ய வேண்டாம். தாள் அகலமாக இருந்தால்தான் சவ்வில் வாயு அதைச் சுற்றிப் போகாமல் துளைகள் வழியே போகும். உங்கள் பாலிஇமைடு குளோரோஃபார்மில் கரையும் வகை என்றால், தொங்கலிலேயே நேராகப் போட்டுக் கரைத்து வார்த்துவிடுங்கள்.