மோட்டோரோலா சி118-இல் ஆஸ்மோகாம்பிபி ஏற மறுக்கிறது, உதவி தேவை

உப்பனாறு, கடலூர் முதுநகர்

வணக்கம். அப்பாவின் பழைய மோட்டோரோலா சி118 பீரோவுக்குள் கிடந்தது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேட்டரி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன், உயிர் வந்துவிட்டது. இதில் ஆஸ்மோகாம்பிபி, அதாவது போனின் ஜிஎஸ்எம் ரேடியோவை நாமே இயக்க உதவும் திறமூல நிரல், ஓட்டிப் பார்க்க ஆசை.

லேப்டாப்பில் உபுண்டு 22.04. மூலநிரலை இறக்கி, ஏஆர்எம் கம்பைலரோடு ஒரு ராத்திரி மல்லுக்கட்டி பில்ட் செய்துவிட்டேன். கேபிள் நானே செய்தது: சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி சீரியல் போர்டு, பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீயிலிருந்து வெட்டிய 2.5 மிமீ பின், நடுவில் மூன்று ஒயர். அதை கேபிள் வழியாக போனுக்குள் ஏற்றும் ஆஸ்மோகான் கருவியை ஓட்டினால் போர்ட்டே இல்லை என்கிறது. போர்டைப் பிடுங்கிச் செருகினால் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. இரண்டு போர்டு மாற்றியாயிற்று, அதே கதைதான்.

இன்னொன்று. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இந்த போனில்தான் ஊருக்குத் தகவல் சொன்னோம் என்று அப்பா இன்னும் பெருமை பேசுவார். நான் ஏதாவது செய்து போன் செத்துப்போனால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆபத்து உண்டா?

லாசுப்பேட்டை ரேடியோ

சோறு கிடைக்கும் தம்பி. ஆஸ்மோகான் அனுப்புவது போனின் ரேமுக்குள் மட்டும்தான் போகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய மோட்டோரோலாவாகவே எழுந்திருக்கும். ஃபிளாஷில், அதாவது போனின் நிரந்தர நினைவகத்தில், எழுதும் கருவியும் அந்த மூலநிரலோடு வருகிறது, அந்தப் பக்கம் மட்டும் போகாதே.

போர்ட் மறைவதற்குக் காரணம் உன் போர்டு இல்லை. உபுண்டு 22.04-இல் பார்வையற்றவர்களின் பிரெயில் கருவிக்காக பிஆர்எல்டிடிஒய் என்று ஒரு நிரல் இருக்கிறது. சிஎச்340 சிப்பின் அடையாள எண்ணும் சில பிரெயில் கருவிகளின் எண்ணும் ஒன்று. அதனால் நம்முடைய கேபிளைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. லினக்ஸின் பதிவான டிமெசேஜைத் திறந்து பார், அதன் பெயர் இருக்கும். வீட்டில் யாரும் பிரெயில் கருவி பயன்படுத்தவில்லை என்றால் அதை நீக்கிவிடு. அப்படியே உன் கணக்கை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்துவிட்டு வா.

அந்த போர்டில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று ஜம்பர் இருக்கிறதா? 3.3-இல் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஃபர்ம்வேரால் போன் சாகாது, 5 வோல்ட்டால் செத்துப்போகும்.

நெல்லிக்குப்பம் கரும்பு

நடுவில் ஒரு சந்தேகம். என்னிடமும் ஒரு சி115 இருக்கிறது. ஜியோ சிம் போட்டு இதை ஓட்டலாமா?

லாசுப்பேட்டை ரேடியோ

இது வெறும் 2ஜி போன். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. ஆனால் டவர்களைத் தேடிப் பட்டியல் போட சிம்மே தேவையில்லை. உங்கள் சி115-க்கும் இதே வழிதான், பில்டில் போனின் போர்டு வகைப் பெயர் காம்பல் இ88.

உப்பனாறு

அண்ணா, பிஆர்எல்டிடிஒய்யைத் தூக்கினதும் போர்ட் நிலையாக நின்றுவிட்டது. இதற்காக இரண்டு போர்டு வாங்கினேன் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஜம்பர் 5-இல்தான் இருந்தது, மாற்றிவிட்டேன்.

இப்போது ஆஸ்மோகான் காத்துக்கொண்டிருக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் போன் வழக்கம்போல ஆன் ஆகி மோட்டோரோலா லோகோ காட்டுகிறது. லேப்டாப் திரையில் ஒரு பைட் கூட வரவில்லை.

லாசுப்பேட்டை ரேடியோ

பட்டனை அழுத்திப் பிடிக்கிறாய், அதனால்தான் முழுசாக ஆன் ஆகிறது. சும்மா தொட்டு விடு. தொட்டவுடன் போனின் பூட்லோடர் (ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரல்) சீரியல் கோட்டில் ஒரு குரல் கொடுக்கும். நம் பக்கத்திலிருந்து உடனே பதில் போனால் நின்று கேட்கும், போகாவிட்டால் அணைந்துவிடும். ஆஸ்மோகான் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

குரலே வரவில்லை என்றால் ஆர்எக்ஸ் (வாங்கும் ஒயர்), டிஎக்ஸ் (அனுப்பும் ஒயர்) இரண்டையும் இடம் மாற்றிப் போடு. இதில் பாதிப் பேருக்கு முதல் தடவை தலைகீழாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

அப்புறம், ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒயரை எப்படிப் பற்றவைத்தாய்? அதில் மயிரிழை போன்ற கம்பிகள் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அது சாயம் மட்டும் இல்லை, எனாமல் பூச்சு. அதன் மேல் ஈயம் உருண்டு நிற்கும், ஒட்டினதுபோலத் தெரியும், மின்சாரம் போகாது. தீக்குச்சியால் நுனியை லேசாகச் சுட்டு, விரலால் துடைத்துவிட்டு அப்புறம் பற்றவை. மல்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்டால்தான் நம்பு.

உப்பனாறு

எனாமலேதான்! மூன்றில் இரண்டு ஒயர் பீப் அடிக்கவில்லை. சுட்டுப் பற்றவைத்தேன். ஒயரை மாற்றியும் போட்டேன். இப்போது பவரைத் தொட்டால் பூட்லோடரின் குரலான முதல் ப்ராம்ப்ட் வந்ததாகவும், கட்டளை அனுப்புவதாகவும் காட்டுகிறது. கொஞ்ச தூரம் ஏறும், திடீரென்று எஃப்டிஎம்டூல் என்று ஒரு வரி, ராம்லோடர் (போனில் நிரலை வாங்கும் பகுதி) கைவிட்டுவிட்டது என்று முடிந்துவிடுகிறது. பத்துத் தடவையில் ஒரு தடவை இரண்டாவது ப்ராம்ப்ட் வரை போகிறது. ஆஸ்மோகானுக்கு போன் வகையைச் சொல்லும் மோடு சி123 என்று கொடுத்திருக்கிறேன்.

லாசுப்பேட்டை ரேடியோ

மோடை சி123எக்ஸ்ஓஆர் என்று மாற்று. ரேடியோ வேலை பார்க்கும் லேயர்1 கோப்பை ஏற்ற அவசரப்படாமல் முதலில் ஹலோ வேர்ல்ட் கோப்பை ஏற்றிப் பார். சின்னக் கோப்பு, தவறு எங்கே என்று சீக்கிரம் தெரியும்.

பாகூர் ஏரி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பத்தில் ஒரு தடவை முன்னேறுகிறது என்றால் அது மோடு சிக்கல் மட்டும் இல்லை. மோடு தப்பாக இருந்தால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். உங்களுக்கு நடுவில் பைட் தொலைகிறது.

முதுநகர் என்கிறீர்கள். கடல் காற்று. போனின் இயர்போன் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடைய சி123-இல் உள்ளே பித்தளைத் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திருகித் திருகித் துடைத்தேன். மூன்று பஞ்சு பச்சையாக வந்தது.

இன்னொன்றும் பாருங்கள். பின்னின் பிளாஸ்டிக் கழுத்து தடிமனாக இருந்தால் போனின் மேலுறையில் இடித்துக்கொண்டு முழுசாக உள்ளே போகாது. அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலே ஒரு தகடு பாதிதான் தொடும். கையில் பிடித்து அழுத்தினால் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். செய்தால் கத்தியால் அந்தக் கழுத்தைச் சீவிவிடுங்கள்.

உப்பனாறு

பாகூர் அண்ணே, பச்சைதான். நீங்கள் மூன்று பஞ்சு என்றீர்கள், எனக்கு ஐந்து. பின்னையும் பிளேடால் சீவினேன், இப்போது டக்கென்று சத்தத்தோடு உட்காருகிறது.

எக்ஸ்ஓஆர் மோடில் ஹலோ வேர்ல்ட் முதல் தடவையே ஏறிவிட்டது!! உங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்த வரியைப் பார்த்ததும் கத்திவிட்டேன், அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

ஆனால் லேயர்1 கொடுத்தால் அதிகபட்சம் 64 கிலோபைட் என்று நின்றுவிடுகிறது.

லாசுப்பேட்டை ரேடியோ

களிம்பு எனக்குத் தோன்றவே இல்லை, பாகூருக்கு ஒரு கும்பிடு.

அந்த பூட்லோடர் ஒரே மூச்சில் வாங்கும் அளவு அவ்வளவுதான். ஆஸ்மோகானுக்கு சின்ன சி என்ற தேர்வு உண்டு. அதோடு ஹைராம் என்று முடியும் லேயர்1 கோப்பைக் கொடு. முதலில் ஒரு குட்டி லோடர் போய் உட்காரும், பெரிய கோப்பை அது வாங்கிக்கொள்ளும். ஏறியதும் ஆஸ்மோகானை மூடாதே. இன்னொரு ஜன்னலில், டவர்களைப் பட்டியல் போடும் செல்லாக் நிரலை ஓட்டு. போனில் இருப்பது ரேடியோ வேலை பார்க்கும் அடித்தளம் மட்டும், மேல் அடுக்குகள் லேப்டாப்பில்தான் ஓடுகின்றன. அதனால்தான் 2010-இல் ஹரால்ட் வெல்டேயும் கூட்டாளிகளும் இதைத் தொடங்கியபோது இவ்வளவு சின்ன போனில் ஜிஎஸ்எம் முழுவதையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

உப்பனாறு

டவர் பட்டியல் வந்துவிட்டது. சிம் இல்லாமலேயே. 1 முதல் 124-க்குள் சில சேனல் எண்கள், 512-க்கு மேல் சில. முதல் வகை 900 மெகாஹெர்ட்ஸ், அடுத்தது 1800 என்று புரிந்துகொண்டேன், சரியா? ஒன்றில் 404 80 என்று வருகிறது. மொட்டை மாடிக்குப் போனால் இன்னும் நான்கு கூடுகின்றன, துறைமுகப் பக்கம் திரும்பினால் ஒன்று குறைகிறது.

அடுத்து இதிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பலாமா?

பாகூர் ஏரி

புரிந்துகொண்டது சரி. 404 இந்தியா, 80 பிஎஸ்என்எல் தமிழ்நாடு வட்டம். புதுச்சேரியும் அந்த வட்டத்தில்தான் வருகிறது, அதனால் எனக்கும் அதே எண்தான்.

லாசுப்பேட்டை ரேடியோ

எஸ்எம்எஸ் வேண்டாம். ஒலிபரப்பும் பகுதி பில்டிலேயே அணைத்துத்தான் வருகிறது, காரணத்தோடுதான். இந்த போன் தவறான நேரத்தில் கத்தினால் அதே டவரில் இருக்கிற மற்றவர்களின் அழைப்பு கெடும். யாராவது 108-க்குப் பேசிக்கொண்டிருக்கலாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவதும், அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பதும் சட்டப்படி குற்றம். கேட்டு டவர் எண்ணுவதோடு நிறுத்திக்கொள். கை அரித்தால் ஆர்எஸ்எஸ்ஐ கோப்பை ஏற்றிப் பார். அது போனின் திரையிலேயே சிக்னல் அளவைக் காட்டும், ஏற்றியபின் கேபிளைப் பிடுங்கிவிட்டு வெள்ளிக் கடற்கரை வரை எடுத்துப்போகலாம்.

உப்பனாறு

சரி அண்ணா, எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மோட்டோரோலா லோகோ வந்தது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு "ஓட்டைக்குள்ள பளபளன்னு இருக்கே, என்னடா பண்ணே?" என்றார். சுத்தம் செய்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்எஸ்எஸ்ஐ ஏற்றித் தேவனாம்பட்டினம் போகிறேன், எண்களை இங்கேயே போடுகிறேன்.

நெல்லிக்குப்பம் கரும்பு

என் சி115-இலும் பச்சைதான். பஞ்சு வாங்கப் போகிறேன்.