இரண்டு லட்சம் செலவழித்து ஏ.இ.ஆர்.ஏ. மாநாட்டுக்குப் போகலாமா?

கொல்லிமலைத்தேன்:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலையில் கல்வியியல் பிஎச்.டி. பண்றேன். மலைப்பகுதி ஆரம்பப் பள்ளிகளில் ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வச்சு, ஒரே டீச்சர் அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ நடத்துறாங்க இல்லையா, அதுதான் என் ஆய்வு. அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கமான ஏ.இ.ஆர்.ஏ.யின் ஆண்டு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். ரவுண்ட்டேபிளில், அதாவது வட்ட மேசை அமர்வில், எடுத்திருக்காங்க. 2026 ஏப்ரல், லாஸ் ஏஞ்சலஸ். டிபார்ட்மென்டில் கையை விரிச்சுட்டாங்க. வருமானம் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை மாசம் 37,000 மட்டும்தான். டிக்கெட், தங்கும் செலவு, விசாவுக்கு 185 டாலர், பதிவுக் கட்டணம்னு கூட்டினா ரெண்டு லட்சத்தைத் தாண்டுது. நகையை அடகு வச்சாவது போகலாமான்னு யோசிக்கிறேன். போய் வந்தவங்களும் சொல்லுங்க, வேண்டாம்னு நினைக்கிறவங்களும் சொல்லுங்க.

டயட்_ஓய்வு:
நகையைத் தொடாதீங்கம்மா. பின்னாடி இணைப் பேராசிரியராகப் போகும்போது மதிப்பெண்ணுக்கு ஆகும்னு யாராவது சொல்லியிருப்பாங்க. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையைப் பாருங்க. வெளிநாட்டில் கட்டுரை வாசிச்சா 7, உள்நாட்டில் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கில் வாசிச்சா 5. வித்தியாசம் ரெண்டு. மார்க்குக்கு ஒரு லட்சம் ஆகுது. பிஎச்.டி. முடிக்க ரெண்டு கருத்தரங்கக் கட்டுரை கட்டாயம்னு 2016 விதியில் இருந்தது, 2022 விதியில் அதையும் எடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு?

பனிக்காட்டுப்_பரமன்:
வாத்தியாரே, எல்லாத்தையும் மார்க்கா பார்த்தா எப்படி? நான் இங்கே அமெரிக்காவில் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் வேலை பார்க்கிறேன், இந்த மாநாட்டுக்குத் தொடர்ந்து போறவன். நீங்க ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டில் பி.சி.கே. பத்தி வகுப்பு எடுத்திருப்பீங்க. பாடம் தெரிஞ்சா மட்டும் போதாது, அந்தப் பாடத்தைப் பிள்ளைக்குப் புரியவைக்கிற அறிவு தனி என்ற கருத்து. லீ ஷுல்மன் அதை முன்வச்சது 1985-இல், சிகாகோவில், இதே மாநாட்டின் தலைவர் உரையில்தான். 2006-இல் சான் பிரான்சிஸ்கோவில் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் பேசினாங்க. கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் ‘இடைவெளி’யைப் பத்தியே பேசிட்டிருக்கோமே, தலைமுறை தலைமுறையா அவங்களுக்குத் தர வேண்டியதைத் தராம சேர்த்து வச்ச கடனை யார் கட்டுறதுன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் இந்தத் துறையில் பேச்சே மாறிப் போச்சு.

டயட்_ஓய்வு:
ரெண்டு பேருமே சங்கத் தலைவர்கள், தம்பி. நம்ம பொண்ணுக்குக் கிடைச்சது மேடை இல்லை, மேசை. அதோட, ஷுல்மன் பேச்சைக் கேட்க நான் சிகாகோ போகலை. அடுத்த வருஷம் சங்கத்தின் இதழில் அச்சாச்சு, அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்துப் படிச்சோம்.

பனிக்காட்டுப்_பரமன்:
அச்சானதை எங்கிருந்தும் படிக்கலாம், சரி. இவங்க எழுதினது அச்சாக வேண்டாமா? கொல்லிமலைத்தேன், ரவுண்ட்டேபிள் எப்படின்னு உள்ளபடியே சொல்லிடறேன். ஓட்டலின் பெரிய ஹாலில் வரிசையா நம்பர் போட்ட வட்ட மேசைகள். ஒவ்வொண்ணிலும் மூணு நாலு கட்டுரையாளர்கள். புரொஜெக்டர் கிடையாது, மைக் கிடையாது. பக்கத்து மேசையில் சிரிச்சா உங்க வாக்கியம் காணாம போயிடும். மூணு வகுப்பும் உட்கார்ந்திருக்கிற விதத்தை ஒரு தாளில் படமா வரைஞ்சு நகல் எடுத்துட்டுப் போங்க, பத்து நிமிஷப் பேச்சை அது மிச்சப்படுத்தும். மொத்தம் ஏறக்குறைய 15,000 பேர் வர்ற கூட்டம், அதைப் பார்த்து மிரள வேண்டாம். சங்கத்தில் 12 பிரிவு, அதுக்கு மேல நூத்தம்பதுக்கும் மேற்பட்ட சிறப்புக் குழுக்கள் இருக்கு. கிராமப்புறக் கல்விக்கும் ஒண்ணு உண்டு. சாயங்காலம் அவங்க நடத்துற உறுப்பினர் கூட்டத்துக்குப் போய் உட்காருங்க. சின்னக் கூட்டம், பேச ஆள் கிடைக்கும். ராத்திரிச் சாப்பாட்டுச் செலவும் பெரும்பாலும் மிச்சம்.

வன்னிக்காற்று:
பரமன் அண்ணை சொல்லுறது அங்க வேலை செய்யிற ஆக்களுக்குச் சரி. நான் யாழ்ப்பாணத்தில விரிவுரையாளர், ஒருக்கா போனனான். அங்க முகத்தைப் பாக்க முதல் கழுத்தில தொங்குற பெயரட்டையைத்தான் பாப்பினம். பல்கலைக்கழகத்தின்ர பெயர் தெரியாட்டி, கதைச்சுக் கொண்டிருக்கேக்கையே கண் எங்கட தோளுக்கு மேலால அடுத்த ஆளிட்டப் போயிடும். “இது இலங்கைக்கு மட்டும்தானே பொருந்தும்?” எண்டு என்னைக் கேட்டவை. எனக்குப் பக்கத்தில ஒரு பிள்ளை ஒஹாயோவில ரெண்டே ரெண்டு பள்ளிக்கூடத்தை வச்சுச் செய்த ஆய்வைச் சொன்னவ. அது ஒஹாயோவுக்கு மட்டும்தானே எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அக்கா, நகையை வச்சுப் போய் இதைக் கேக்க வேணுமோ?

பனிக்காட்டுப்_பரமன்:
அந்தக் கேள்வி அநியாயமானதுதான், மறுக்கலை. ஆனா நம்மாட்கள் நாலு பேர் போய் உட்காராம அந்தக் கேள்வி எப்படி மாறும்?

வன்னிக்காற்று:
அதை மாத்துற செலவு ஏன் எங்கட தலையில, அண்ணை? 2021-இல கோவிட் எண்டு முழு மாநாட்டையும் இணையத்தில நடத்தினவை. அப்ப விசாவும் இல்லை, விமானமும் இல்லை.

ஒண்ணாப்பு_டீச்சர்:
நடுவில் வர்றேன், மன்னிக்கணும். நீங்க ஆராய்ச்சி பண்ற அந்த ஒரே அறை டீச்சர் நான்தான். அதாவது என்னை மாதிரி ஒருத்தி. அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை, மூணு வகுப்பு, ஒரு கரும்பலகை. அரும்புக்குப் பாட்டுப் பாடினா மலர் பிள்ளைங்க கணக்கை விட்டுட்டு அங்கே போய் ஆடுது. இதை வட்ட மேசையில் யாருக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது? பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் கூடுற எங்க சி.ஆர்.சி. (குறுவள மைய) கூட்டத்தில் வந்து சொல்லுங்க. ஒரு டீ செலவுதான்.

பனிக்காட்டுப்_பரமன்:
டீச்சர், சி.ஆர்.சி.யில் இந்தத் திட்டத்தில் என்ன சரியில்லைன்னு பேச விடுவாங்களா?

ஒண்ணாப்பு_டீச்சர்:
விடமாட்டாங்க. லாஸ் ஏஞ்சலஸில் பேசினா மட்டும் எங்க கையேடு மாறிடுமா?

டயட்_ஓய்வு:
சபாஷ் டீச்சர். மாற்று வழி ஒண்ணு சொல்றேன். இந்திய ஒப்பீட்டுக் கல்விச் சங்கம்னு 1979-இல் ஆரம்பிச்சது இருக்கு. அவங்களும் ஆண்டு மாநாடு நடத்துறாங்க, ஸ்லீப்பர் டிக்கெட்டில் போய் வரலாம். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கிற பன்மட்ட வகுப்புன்னா என்னன்னு அங்கே விளக்கிட்டிருக்க வேண்டியதில்லை.

பனிக்காட்டுப்_பரமன்:
அது நல்ல மாநாடு, மறுப்பில்லை. ஆனா ‘உள்நாட்டில் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கு’ன்னு 5 மார்க் தர்ற மத்ததெல்லாம் எப்படின்னு நாம பார்க்காததா? குத்துவிளக்கு, பொன்னாடை, பதினோரு மணிக்கு வர்ற சிறப்பு விருந்தினர். மத்தியானம் ஆளுக்கு மூணு நிமிஷம். பேசி முடிச்சவர் சர்டிபிகேட் வாங்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்.

கொல்லிமலைத்தேன்:
இவ்வளவு பேர் பேசுவீங்கன்னு நினைக்கலை, நன்றி. ஒண்ணு சொல்லணும். ஜூலையில் அனுப்பின கட்டுரைக்கு இந்த மாசம் வந்த மதிப்பீட்டில் ஒருத்தர், கொலம்பியாவின் ‘எஸ்குவேலா நுவேவா’வோடு ஏன் ஒப்பிடலைன்னு கேட்டிருந்தார். 1970-களிலேயே கிராமத்துப் பன்மட்ட வகுப்புகளுக்காக அங்கே தொடங்கின முறை. நான் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் ஆரம்பிச்சு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்த ஏ.பி.எல். என்ற செயல்வழிக் கற்றல், இப்ப எண்ணும் எழுத்தும்னு நம்ம ஊர் வரிசையை மட்டும்தான் எழுதியிருந்தேன். இங்கே வாசிச்ச எந்தக் கருத்தரங்கிலும் இந்தக் கேள்வி வரலை.

டயட்_ஓய்வு:
பார்த்தீங்களா? அந்தக் கேள்வி உங்க மெயிலுக்கே வந்தாச்சு. காலணா செலவில்லை. அதுக்கு விமானம் எதுக்கு? வருஷா வருஷம் கட்டுரை அனுப்புங்க, மதிப்பீட்டை வாங்கி வச்சுக்கோங்க, போகாதீங்க.

பனிக்காட்டுப்_பரமன்:
இது அநியாயம் வாத்தியாரே. சம்பளமில்லாம உட்கார்ந்து படிச்சு எழுதின மதிப்பீட்டை வாங்கிட்டு ஆள் வராம இருந்தா, நிஜமா வரணும்னு நினைச்ச இன்னொருத்தரின் இடம் போச்சு. அதோட கேட்டவர் யார்னு பெயர் தெரியாது. கேள்வியை விடுங்க, அதுக்கு அடுத்த பேச்சு அவரோட நேரில்தான் நடக்கும். கிராமப்புறக் கல்விக் குழுவில் அவர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வன்னிக்காற்று:
வாய்ப்புக்கு நகையோ?

கொல்லிமலைத்தேன்:
நகையை வைக்கிறதா இல்லை, அம்மாவும் இதைப் படிச்சுட்டாங்க. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆருக்குப் பயண உதவி கேட்டு விண்ணப்பிக்கிறேன். கிடைச்சா, சென்னையில் விசா நேர்காணலுக்கு மார்ச்சுக்குள்ள தேதியும் கிடைச்சா, போறேன். இல்லைன்னா டயட் ஐயா சொன்ன ஸ்லீப்பர். எஸ்குவேலா நுவேவாவைப் படிச்சுச் சேர்க்கிற வேலை ரெண்டுக்குமே பொது.

ஒண்ணாப்பு_டீச்சர்:
எங்கே வேணா போங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கட்டுரையைத் தமிழில் இங்கே போடுங்க. எங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்க்கணும்.

கொல்லிமலைத்தேன்:
பொங்கல் லீவில் போடறேன் டீச்சர். திட்டக்கூடாது.

ஒண்ணாப்பு_டீச்சர்:
அதைப் படிச்ச பிறகு சொல்றேன்.