இரண்டாம் ஆண்டு நடுவில் கல்லூரி மாறலாமா?

புதுவாசல் (கேள்வி):
கணினி அறிவியல், நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. மூன்றாவது செமஸ்டர் முடியப் போகிறது. இங்கே பாடம் நடத்துவதில் பெரிய குறை இல்லை. ஆனால் மெஷின் லேர்னிங் பக்கம் ஒரே ஒரு எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம்தான், அதுவும் கடைசி ஆண்டில். வேறொரு கல்லூரியில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே அட்மிஷன் ஆபீஸில் போனில் விசாரித்ததற்கு, “உங்க கிரெடிட் எல்லாத்தையும் ஏத்துக்குவோம்” என்றார்கள் (கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் அலகு). வீட்டில் ஒரு வருடம் வீணாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். அடுத்த செமஸ்டரிலேயே மாறுவதா, இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டுப் போவதா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஏட்டுக்கணக்கு:
போனில் சொன்ன அந்த “ஏத்துக்குவோம்” என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, உங்கள் பாடம் அங்குள்ள இன்ன பாடத்துக்குச் சமம், அதைத் திரும்பப் படிக்க வேண்டாம். இரண்டு, பொது எலெக்டிவ் கணக்கில் வரவு வைப்பார்கள். கட்டாயப் பாடத்தை மறுபடி படித்தே ஆகவேண்டும். மூன்று, மொத்தக் கிரெடிட் எண்ணிக்கையில் மட்டும் தெரியும், பட்டத்துக்கு எந்தப் பயனும் இல்லை. எல்லாக் கிரெடிட்டையும் “ஏற்றுக்கொண்ட” பிறகும் ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க நேர்வது இந்த இரண்டாவது, மூன்றாவது வகையால்தான்.

ஆகவே கேட்க வேண்டியது பாடவாரியான மதிப்பீடு, எழுத்தில். இடது பக்கம் உங்கள் பாடம், வலது பக்கம் அவர்கள் பாடக் குறியீடு. வலது பக்கத்தில் குறியீட்டுக்குப் பதில் “எலெக்டிவ்” என்று இருந்தால் அது இரண்டாவது வகை. அட்மிஷன் ஆபீஸ் இதை முடிவு செய்வதில்லை. பதிவாளர் அலுவலகமும் டிபார்ட்மென்டும்தான் செய்யும்.

அனுப்ப வேண்டியவை: டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரியான சிலபஸ், பாடப்புத்தகத்தின் பெயர், லேப் நேரம், மதிப்பெண் பிரிக்கப்படும் விதம். நீங்கள் படித்த வருடத்து சிலபஸாக இருக்கவேண்டும். இணையதளத்தில் தொங்குவது பெரும்பாலும் இந்த வருடத்துப் பதிப்பு. பெயர் ஒன்றாக இருந்தும் பாடம் அடிபடுவது வழக்கமாக லேப் இல்லாததால், அல்லது கிரெடிட் குறைவதால். கிரேடு குறைந்தாலும் தள்ளிவிடுவார்கள்; பல இடங்களில் சி-க்குக் கீழே வாங்கிய பாடத்தைத் தொடமாட்டார்கள்.

இரண்டு கல்லூரிகளின் கால அளவும் வேறாக இருந்தால் கிரெடிட்டை மாற்றிக் கணக்கிட வேண்டும். ஆண்டை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையிலிருந்து செமஸ்டருக்குப் போனால் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். 4 கிரெடிட் பாடம் 2.67 ஆகிவிடும்; அங்கே அந்தப் பாடம் 3 கிரெடிட் என்றால் 0.33 குறைகிறதே என்று தொங்கலில் விடுபவர்களும் உண்டு. ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுக் கிரெடிட் முறையான ஈசிடிஎஸ்ஸில் ஒரு கல்வியாண்டு 60 கிரெடிட். அதை அப்படியே வேறு முறையோடு ஒப்பிட்டால் கணக்கே குழம்பிவிடும்.

கணிதம்போல இரண்டு மூன்று பகுதிகளாக வரும் பாடத்தை நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இங்கே இரண்டாம் பகுதியில் வருவது அங்கே முதல் பகுதியிலேயே இருக்கும், அல்லது நேர்மாறாக. ஒரு பகுதி இரட்டிப்பாகும், இன்னொன்று விடுபட்டுப்போகும்.

படிக்கட்டு:
மேலே சொன்னது சரி. ஆனால் கிரெடிட் நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து முன்தேவைப் பாடங்களின் (ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேரவிடும் பாடங்களின்) வரிசை. ஒரு தாளில் வரைந்து பாருங்கள்: புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், பிறகு மெஷின் லேர்னிங். பக்கத்தில் லீனியர் அல்ஜீப்ரா, பிராபபிலிட்டி. ஒவ்வொன்றும் அந்தக் கல்லூரியில் எந்த செமஸ்டரில் நடக்கிறது என்று எழுதுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆண்டின் முதல் செமஸ்டரில் மட்டும் நடந்து, நீங்கள் இரண்டாவது செமஸ்டரில் போய்ச் சேர்ந்தால், 4 கிரெடிட் பாடம் ஒன்று இல்லாததால் சங்கிலி முழுக்கப் பின்னால் தள்ளும். கிரெடிட் கணக்கில் நஷ்டம் பூஜ்யம் என்றே காட்டும். பட்டம் மட்டும் தாமதமாகும்.

பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் கிரெடிட் என்றும் ஒரு விதி இருக்கும். சில இடங்களில் கால் பங்கு, சில இடங்களில் பாதி. 120 கிரெடிட் படிப்பில் பாதி என்றால், 60 முடித்து மாறுபவருக்குச் சேதமில்லை. 90 முடித்து மாறுபவர் 30-ஐ இழப்பார். இரண்டாம் ஆண்டு முடிவில் மாறுவது பொதுவாகத் தோதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கிரெடிட் வரும், மதிப்பெண் வராது. பெரும்பாலான கல்லூரிகள் ஜிபிஏவை (மதிப்பெண் சராசரியை) புதிதாகத் தொடங்கும். இங்கே நல்ல சராசரி வைத்திருப்பவருக்கு அது இழப்பு, தடுமாறியவருக்கு லாபம். ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள், பழையது மறைந்துவிடாது.

எதிர்க்கட்சி:
எல்லோரும் எப்படி மாறுவது என்றே சொல்கிறீர்கள். மாறத்தான் வேண்டுமா? கேள்வியை மறுபடி படித்தால் குறை ஒன்றுதான்: எலெக்டிவ் போதவில்லை. மூன்று நான்கு பாடங்களுக்காகக் கல்லூரியையே மாற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ஒரு செமஸ்டர் மட்டும் வேறு கல்லூரியில் விருந்தினர் மாணவராகப் படிக்க வழி இருக்கிறதா, இணையவழிப் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறார்களா, ஆசிரியர் ஒருவரின் கீழ் தனிப் புராஜெக்ட் எடுத்துக் கிரெடிட் வாங்கலாமா என்று முதலில் இங்கேயே கேளுங்கள். அந்தத் தனிப் பிரிவின் பாடங்கள் விளம்பரத்தாளில் மட்டும் இருக்கின்றனவா, போன இரண்டு ஆண்டுகளில் நிஜமாக நடந்தனவா என்று கால அட்டவணையைப் பாருங்கள். நடுவில் சேர்பவருக்கு அந்த எலெக்டிவில் இடம் கிடைக்குமா என்பதையும். முன்பதிவு பழைய மாணவர்களுக்கு முதலில் திறக்கும் இடங்கள் உண்டு.

பணம்: ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் முதலாண்டில் சேர்பவருக்குத்தான். “கிடைக்கலாம்” என்றால் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

புதுவாசல்:
நன்றி. அங்கே அட்டவணையைப் பார்த்தேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முதல் செமஸ்டரில் மட்டும்தான். இங்கே எனக்கு அது நான்காவது செமஸ்டரில் வருகிறது. இங்கே 3 கிரெடிட், லேப் இல்லை. அங்கே லேபோடு 4. விருந்தினர் மாணவர் முறை இங்கே கிடையாதாம்.

படிக்கட்டு:
அப்படியென்றால் அடுத்த செமஸ்டரில் மாறுவதில் அர்த்தமில்லை. இங்கேயே நான்காவதை முடியுங்கள். படிக்கத் தொடங்குவதற்கு முன்பே சிலபஸை அந்த டிபார்ட்மென்டுக்கு அனுப்பி, “லேப் பகுதியை மட்டும் உங்களிடம் தனியாக முடித்தால் இதைச் சமமாக ஏற்பீர்களா” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எந்த மொழியில் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். ஜாவாவா சி பிளஸ் பிளஸ்ஸா என்பதில் பாடம் அடிபடுவதுண்டு. ஒப்புக்கொண்டால் ஐந்தாவதில் நேராக அல்காரிதம்ஸில் உட்காரலாம். மறுத்தால், மாறுவது ஏறக்குறைய ஒரு வருடத்தைக் கேட்கும் என்று வைத்துக்கொண்டு வீட்டில் பேசுங்கள்.

ஏட்டுக்கணக்கு:
விண்ணப்பத்தில் நான்காவது செமஸ்டர் பாடங்களை “நடப்பில்” என்று சேர்த்து, அவற்றுக்கும் தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். நூலக, லேப் பாக்கி ஏதும் வைக்காதீர்கள்; சின்னத் தொகைக்குக்கூட டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைப்பார்கள், கெடு தேதி போய்விடும். அங்கே சேர்க்கைக் கடிதமும் பாடவாரி மதிப்பீடும் கைக்கு வரும்வரை இங்கே விலகல் கடிதம் கொடுக்கவேண்டாம். நடுவில் இடைவெளி வந்தால் விலகலுக்குப் பதில் விடுப்பு கேளுங்கள், இடம் உங்கள் பெயரிலேயே இருக்கும்.